இருபத்திரண்டு சக்களத்திகள்

சவப்பெட்டி வாசல் நிலையில் இடிக்காமல் அதைச் சாய்த்து வெளியே கொண்டுவந்துகொண்டிருந்தபோது, மாடியிலிருந்து புறாக்கள் படபடவென்று இறங்கிவிட்டன. மணி நாலு. அவற்றுக்கு அது தீனி நேரம். ஒன்று பங்குச் சாமியாரின் குடைமேல் உட்கார்ந்தது. இரண்டு பெட்டி மூடிமேலேயே உட்கார்ந்து கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டன. தூக்கியவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார்கள்.

"வாயில்லா ஜீவன், என்ன பாசம் பாருங்க!" என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

பாசமாம். சகாயம்மாளுக்கு அழுகை நின்று வயிறு எரிந்தது. முப்பத்து நாலு வருஷம் குடித்தனம் நடத்தியவள் சுவரோரம் சுருண்டு கிடக்கிறாள். கூட்டம் புறாவைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறது. எழுந்து போய் முந்தானையை வீசி விரட்டினாள்.

"போங்க! இனிமே உங்களுக்கு யாரு கம்பு போடறாங்கன்னு பாப்போம்."

மகள் அக்னஸ் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். துக்கத்தில் நிதானம் தப்பிப் பேசுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். சகாயம்மாள் நல்ல நிதானத்தில்தான் இருந்தாள்.

அற்புதசாமி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். வேலை பார்த்த காலத்தில் காலையும் மாலையும் மொட்டை மாடி; ரிட்டையரான பிறகு நாள் பூராவும் மொட்டை மாடி. இருபத்திரண்டு புறாவுக்கும் தனித்தனியாகப் பேர் உண்டு. பெண்டாட்டியை மட்டும் கல்யாணமான நாளிலிருந்து "இந்தா" என்றுதான் கூப்பிட்டார். ஒருத்தி என்றால் தலைமயிரைப் பிடித்து ஆய்ந்திருப்பாள். இருபத்திரண்டு சக்களத்திகளை அவள் என்ன செய்வது?

துவாக்குடி ரோட்டில் புதிதாக வந்த ஃபாக்டரியில் மருமகன் விக்டருக்கு வேலை கிடைத்துக் குவார்ட்டர்ஸும் கொடுத்தார்கள். "பாலக்கரை வீட்டை வித்துட்டு எங்களோட வந்துடுங்க" என்று அக்னஸ் கூப்பிட்டாள். சகாயம்மாளுக்கு அன்றே பாதி உயிர் அங்கே போய்விட்டது. பேரப் பிள்ளை மடியில் இருக்கும், தலைக்கு மேலே குடுகுடு சத்தம் இருக்காது. காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் மண்டி வைத்திருந்த அடைக்கலம் வீட்டைப் பேசி அட்வான்சும் கொடுத்தார். அற்புதசாமி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். போட்டதோடு சரி, ரிஜிஸ்டர் பண்ண மட்டும் கிளம்பவில்லை.

நாயென்றால் சங்கிலியைப் பிடித்துப் புது வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போகலாம். பறந்து பழகிய புறா எஜமானோடு போகாது. அதற்குக் கூரைதான் வீடு. ஒருமுறை திருவானைக்காவலில் ஒருவருக்கு ஆறு புறாக்களை விற்றார் அற்புதசாமி. கொண்டுபோய்க் கொடுத்து, காப்பி குடித்து, பஸ் பிடித்துத் திரும்பி வருவதற்குள் ஆறும் காவேரியைத் தாண்டி வந்து பழைய புறாப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தன. அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பைச் சகாயம்மாள் தன் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

பறக்காத குஞ்சுதான் புது இடத்தில் தங்கும் என்றார். குஞ்சு பொரிக்கட்டும், எடுத்துக்கொண்டு போவோம் என்றார். பொரித்தன, பறந்தன, மறுபடியும் முட்டை வைத்தன. எட்டு மாசம் ஓடிவிட்டது. அப்புறம் ஒரு காலையில் கம்புச் சட்டியோடு படியில் சரிந்தார். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று.

ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அக்னஸ் வந்து தங்கினாள்; மாடியில் கம்பை இறைத்துவிட்டு உடனே இறங்கிவிடுவாள். பக்கவாதத்துக்குப் புறா ரத்தத்தைச் சூட்டோடு தேய்க்க வேண்டும் என்று தெருவில் வாய் உள்ளவர்கள் எல்லாரும் சொன்னார்கள். சகாயம்மாள் அவர் கட்டிலருகே போய் நின்றாள்.

"இருபத்திரண்டு இருக்கு. ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கறேங்க. உங்களுக்காகத்தான்."

அவர் இடது கையைத் தூக்கி வேண்டாம் என்று ஆட்டினார். கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று வடிந்தது. பெற்ற தாயைப் புதைத்த அன்றும் கலங்காத கண் அது. சகாயம்மாள் தினமும் கேட்டாள். அவர் தினமும் கையை ஆட்டினார்.

"மார்க்கெட்ல புறா விக்குதேம்மா, ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லவா?" என்று அக்னஸ் கேட்டதற்கு, "வேண்டாம்" என்று சொன்னவள் சகாயம்மாள்தான். இவர் வளர்த்ததில் ஒன்றை இவரே தர வேண்டும். அவளா அதுவா என்று ஒரு தடவையாவது அவரிடமிருந்து தெரிய வேண்டும். மூன்று வாரம் இந்த வீம்பிலேயே போனது. நாலாவது வாரம் அவர் போய்விட்டார்.

அடக்கத்துக்கு மறுநாள் காலையில் அடைக்கலம் வந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதாங்க," என்றார். "ரிஜிஸ்டரை நாப்பதாம் நாள் முடிஞ்சே வச்சுக்கலாம். அதுக்காக வரலை. எங்க வீட்டுல, காளியாயிக்கு, முந்தாநேத்து இடது பக்கம் விழுந்துருச்சுங்க. வைத்தியர் புறா ரத்தம் தேய்க்கச் சொல்றாரு. எப்படியும் இந்தப் புறாவெல்லாம் இல்லாமத்தான் வீட்டைக் குடுக்கப் போறீங்க. வித்தாலும் திரும்பி வந்துரும்னு அய்யாவே சொன்னாரு. நானே ஒவ்வொண்ணா எடுத்துக்கறேனே. உங்களுக்கும் தொல்லை விட்டுச்சு."

சகாயம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள். ஷேவ் செய்யாத முகம், தூங்காத கண். கட்டினவளுக்காக, சாவு விழுந்த வீட்டில் வந்து கூசிக்கொண்டு கை நீட்டுகிறான் ஒரு மனுஷன். அந்தக் காளியாயியை அவள் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அவள்மேல் அப்படி ஒரு பொறாமை பொங்கியது. கை கால் விழுந்து கிடந்தாலும் கொடுத்துவைத்தவள்.

"எடுத்துக்குங்க," என்றாள் அக்னஸ். "மாடிப் படி அந்தப் பக்கம் இருக்கு."

அடைக்கலம் எழுந்தார்.

"உக்காருங்க," என்றாள் சகாயம்மாள். "புறா தர மாட்டேன்."

"அம்மா!"

"நீ சும்மா இரு. மூணு வாரமா நான் கேட்டேன். எனக்கே அவரு தரலை. ஊருக்கு எடுத்துக் குடுப்பேனா?"

அடைக்கலம் துண்டை மடித்தார், பிரித்தார். "சரிங்க, வேண்டாம். ஆனா புறாவோட வீட்டை வாங்கி நான் என்ன செய்யறது? வீட்டுக்காரிக்கு அந்தச் சத்தமே ஆகாது."

"வாங்க வேண்டாம். அட்வான்சைத் திருப்பித் தந்துடறேன்."

"உனக்கு என்னம்மா ஆச்சு?" என்றாள் அக்னஸ். "அங்க உனக்குன்னு ரூமெல்லாம் ஒழிச்சு வச்சிருக்கோம். இங்க தனியா யாரோட இருப்பே?"

அடைக்கலம் வாசல்வரை போய்விட்டார். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவரிடம் சகாயம்மாளே எழுந்து போனாள்.

"மார்க்கெட்ல விக்கிறாங்க, வாங்கிக்குங்க," என்றாள். "இன்னைக்கே வாங்கிடுங்க. நாளைக்குப் பாக்கலாம்னு விட்டுடாதீங்க."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

வருஷக் கணக்கில் ஏறாத மாடிப்படியில், முழங்காலைப் பிடித்துப் பிடித்து, கம்புச் சட்டியோடு ஏறினாள். புறாக்கள் எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நேற்று விரட்டப்பட்டதிலிருந்து பட்டினி. சகாயம்மாள் கம்பை இறைத்தாள். ஒன்றும் அசையவில்லை. அவர் மாதிரிச் சீழ்க்கை அடிக்க உதட்டைக் குவித்தாள், காற்றுதான் வந்தது. பேர் சொல்லிக் கூப்பிடலாமென்றால் எது எந்தப் பேர் என்று தெரியாது.

"திமிரு," என்றாள். "அவரு குடுத்த எடம்."

கீழே இறங்கிப் போனாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் அவருடைய ஒர்க்‌ஷாப் நீலச் சட்டை தொங்கியது. மாடிக்கு மட்டும் போடுகிற சட்டை. சோப்பு வாசம் அடித்தால் புறா மிரளும் என்று அதைத் துவைக்கவே விடமாட்டார். அதற்காக எத்தனையோ நாள் சண்டை. எடுத்து, கறுப்புச் சேலைக்கு மேலேயே போட்டுக்கொண்டு பொத்தான்களை மாட்டினாள். அவருடைய வியர்வையும் புறா எச்சமும் கலந்த நாற்றம் மூக்கில் ஏறியது. அக்னஸ் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுபடியும் மேலே போய்க் கையை நீட்டினாள். முதலில் ஒன்று வந்தது. அப்புறம் மூன்று. அப்புறம் எல்லாம் வந்து காலைச் சுற்றி இறங்கின. சாம்பல் நிறத்தில் ஒன்று சட்டைக் கையில் ஏறி நின்று, தலையைச் சாய்த்து அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு உள்ளங்கையில் கொத்தத் தொடங்கியது.

"அம்மா, கீழே வாம்மா," என்று அக்னஸ் கூப்பிட்டாள்.

குரல் கொடுத்தால் பறந்துவிடும் என்று சகாயம்மாள் பேசாமல் இருந்தாள். கையிலிருந்த கம்பு தீர்ந்த பிறகும் கையை மடக்காமல் நின்றாள்.