ஆக்னஸின் நெஞ்சில் டைமிங் செயின்

ஜெயகரனின் மோட்டார் சைக்கிள் தொண்ணூறாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிய வாரத்தில், போவன்பள்ளி வீட்டில் அவன் மனைவி ஆக்னஸின் குக்கர் நீலப் புகை விட ஆரம்பித்தது. சோற்றில் எஞ்சின் ஆயில் வாடை. கேஸ்கட்டை மாற்றினாள், விசிலை மாற்றினாள், கடைசியில் குக்கரையே மாற்றினாள்; புதுக் குக்கரும் நீலமாகத்தான் புகைந்தது. அதே வாரம்தான் தெருமுனை மெக்கானிக் ஸ்ரீகாந்த் வண்டியின் மீட்டரைப் பார்த்துவிட்டு, பிஸ்டன் ரிங் இந்நேரம் தேய்ந்திருக்கும், நீலப் புகை வரும் முன்னே மாற்றிவிடலாம் என்று சொல்லியிருந்தான். ஜெயகரன் சைலன்சர் வாயில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்து வண்டியை முறுக்கிக் காட்டினான். கைக்குட்டையில் ஒரு பொட்டு அழுக்கில்லை. "ஓடுத வண்டில எதுக்குக் கை வைக்கணும்? நக்கோ, வேண்டாம்" என்று வீட்டில் வந்து சொன்னான். அன்று ராத்திரி ஆயில் வாடைச் சோற்றைத் தின்றுவிட்டு, அரிசி சரியில்லை என்றும் சொன்னான்.

தொண்ணூற்றைந்தாயிரத்தில் கிளட்ச் பிளேட்டின் முறை வந்தது. வண்டி ஒரு குறையுமில்லாமல் ஓடியது. வீட்டில் மிக்ஸி நின்ற இடத்திலேயே கத்தியது. மோட்டார் உறுமும், பிளேடு நகராது. ஆறு மாதம் ஆக்னஸ் தேங்காயை அம்மியில் அரைத்தாள். எதிர்வீட்டு லலிதாவுக்கு விஷயம் தெரியும். தன் மிக்ஸியை வாரம் இரண்டு நாள் கொடுத்துவிட்டு, அண்ணன் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று என்று மட்டும் கேட்டுக்கொள்வாள். ஆக்னஸுக்கு வயிற்றெரிச்சல் வேறு இடத்தில் இருந்தது. நாச்சாரம் ஃபாக்டரியில் ஜெயகரன்தான் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். நன்றாக ஓடும் மெஷினை, கணக்கு மணி நேரம் முடிந்தது என்பதற்காகவே நிறுத்தி, பளபளக்கும் பேரிங்கைக் கழற்றி எறிகிறவன். 'கெடும் முன் மாற்று' என்று மூன்று மொழியில் போர்டு எழுதி மாட்டியவன். மூன்று வருடம் ஒரு மெஷினும் பழுதாகி நிற்காததற்கு ஃபாக்டரி கொடுத்த சுவர்க்கடிகாரம் ஹாலில் அவள் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது.

வண்டி ஒரு லட்சத்தைத் தாண்டியதும் சத்தம் ஆக்னஸின் நெஞ்சுக்குள் வந்தது. ஒரு தளர்ந்த சங்கிலி எங்கோ இடிக்கிற மாதிரி கடகடவென்று. சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கு ஆரம்பிக்கும். அவன் நாச்சாரத்தில் வண்டியைக் கிளப்பிவிட்டான் என்று அர்த்தம். வழியில் தார்நாக்கா சிக்னலில் நிற்கும்போது கொஞ்சம் கூடும். வாசலில் சாவியைத் திருகியதும் நின்றுவிடும். டாக்டரிடம் ஜெயகரன்தான் வண்டியில் கூட்டிப்போனான். வண்டி வெளியே அணைந்து நின்றதால் டாக்டருக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுமுறை ஆக்னஸ் வண்டியை அணைக்கவிடாமல் உள்ளே போனாள். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து ஒருமுறை தட்டிப் பார்த்தார், மறுபடி வைத்துக் கேட்டார், வைட்டமின் மாத்திரை எழுதினார்.

அவள் நேராக ஸ்ரீகாந்திடம் போய் நெஞ்சில் கேட்பதை வாயால் சத்தம் போட்டுக் காட்டினாள். "டைமிங் செயின் அக்கா" என்றான் அவன், யோசிக்காமலே. "அது அறுந்தா எஞ்சின் அங்கியே நின்னுடும்."

ஆக்னஸ் வீட்டுக்கு வந்து வண்டிச் சாவியை எடுத்தாள். "ஏங்க, அந்தச் செயின் அறுந்தா எஞ்சின் நின்னுருமாம். எனக்கு எது நிக்கும்னு யோசிச்சியளா?"

"வண்டில சத்தமே இல்லையே ஆக்னஸ்."

"அது சத்தம் போட்டாத்தான மாத்துவிய? ஃபாக்டரில எந்த மெஷின் உங்க கிட்ட வந்து அழுதுச்சி?"

அவள் வண்டியைக் கிளப்பவில்லை, கிளப்பினால் நெஞ்சு தாங்காது. தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனாள். ஆள் பார்க்கிறார்கள் என்று முணுமுணுத்தபடி பின்னால் வந்த ஜெயகரன், பாதி வழியில் வண்டியைப் பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தான்.

ஸ்ரீகாந்த் எஞ்சினைப் பிரித்து எல்லாவற்றையும் பேப்பரில் பரப்பினான். ரிங், கிளட்ச் பிளேட், செயின், எல்லாமே அட்டைப்பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்தவை போல மின்னின. "பாத்தியா?" என்றான் ஜெயகரன். ஆக்னஸ் செயினை எடுத்து அவன் கையில் வைத்தாள். புரட்டிப் பார்த்தவன், ஃபாக்டரியில் பேரிங்கை எறிவதுபோல அதைக் குப்பை டின்னில் போட்டு, எல்லாவற்றையும் புதிதாக மாட்டச் சொன்னான். சாயங்காலம் வண்டி கிளம்பியபோது ஆக்னஸ் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு சத்தமும் இல்லை. லலிதாவுக்குப் போன் போட்டு, தங்கள் வீட்டுக் குக்கரை அடுப்பில் ஏற்றச் சொன்னாள். ஆவி வெள்ளையாக வருவதாகத் தகவல் வந்தது.

இப்போது மீட்டர் ஒரு லட்சத்து முப்பதாயிரம் காட்டுகிறது. ஸ்ரீகாந்தின் நோட்டில் வண்டி நம்பருக்குப் பக்கத்தில் ஆக்னஸ் பெயரும் இருக்கிறது. தினம் காலை எட்டுக்கு ஜெயகரன் வண்டியை வாசலில் ஓடவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு சமையலறைக்கு வந்து, அவள் நெஞ்சில் காதை வைத்து ஒரு நிமிடம் கேட்கிறான். கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் அவன் அப்படிக் கேட்டது வண்டிக்காகத்தான் என்பதில் ஆக்னஸுக்கு இன்னும் எரிச்சல் தீரவில்லை. ஆனாலும் எட்டு அடிக்கப் போகிறது என்றால் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு நிற்கிறாள்.