கூடை தூக்கிவிட்டவள்

ராயபுரத்து நிலக்கரிக் கிடங்கில் வேலைநிறுத்தம் முடிந்தது. ஆறணாவுக்குக் குறைந்து இனி எவருக்கும் நாட்கூலி இல்லையென்று கம்பெனியார் ஒப்பினர். கூடை சுமக்கும் பெண்கள் முன்னரே ஆறணா பெற்றவர்கள். ஆனால் நிறைந்த கூடையை எவளும் தானே தலைக்கு ஏற்றிக்கொள்ள முடியாது. தூக்கிவிட ஒருத்தி வேண்டும். அந்த வேலை செய்த கன்னியம்மாவுக்கு இதுவரை மூன்றணா. கழுத்து பிசகிச் சுமையை விட்டவள் அவள். வேறு வேலைக்கு வழியில்லை. இப்போது அவளுக்கும் ஆறணா.

கூடை சுமப்பவர்களில் ஒருத்தியான தாயம்மாவின் வயிறு எரிந்தது. வேலைநிறுத்தத்தில் கன்னியம்மாவோடு ஒரே பானைக் கஞ்சியைக் குடித்தவள்தான். முதலாளி இலாபத்தில் மோட்டார் வண்டி வாங்கியபோது எரியாத வயிறு, பக்கத்தில் நிற்பவளின் மூன்றணாவுக்கு எரிந்தது.

"இன்னாக்கா, புதுப் பொடவையா? நின்னுகினே சம்பாரிக்கிறவ நீ," என்றாள்.

"பழசுதாம்மே. இன்னிக்கி இன்னும் கரி படல, அதான் புதுசா தெரியுது. தலைய நேரா வெச்சுக்கோ," என்று சிரித்தபடி கன்னியம்மா கூடையைத் தூக்கிவிட்டாள்.

அந்தச் சிரிப்பும் பொறுக்கவில்லை. நண்பகலில் தாயம்மா மேஸ்திரி பக்தவச்சலத்தின் முன் போய் நின்றாள்.

"நைனா, ஒரு கூடையும் செமக்காதவளுக்கும் எனுக்கும் ஒரே கூலியா? அவ இல்லாங்காட்டி வேல நின்னுடுமா?"

மேஸ்திரி வெற்றிலையைத் துப்பினார். "நீயே சொல்றியா?"

"எல்லாரும் அதான் சொல்லிகினு கீறாங்கோ."

கம்பெனி காத்திருந்த சொல் அது. கூலியைக் குறைக்க ஒப்பந்தம் இடந்தரவில்லை. ஆளைக் குறைக்கத் தொழிலாளியே வழி தந்துவிட்டாள். மறுநாள் காலை கன்னியம்மாவை வாயிலிலேயே திருப்பி அனுப்பினர்.

உள்ளே தாயம்மா கூடையை நிரப்பிவிட்டுத் தூக்கிவிடக் கையின்றி நின்றாள். பின்னால் நின்ற செல்லம்மா வந்து தூக்கினாள். செல்லம்மாவுக்கு மற்றொருத்தி வர வேண்டியதாயிற்று. வரிசை முழுதும் சிக்கித் தடுமாற, கரிக்காகக் கப்பல் காத்துக் கிடந்தது.

மேஸ்திரி ஓடிவந்தார். "தாயம்மா, நீ நில்லு. நீயே தூக்கிவுடு."

"கன்னியம்மாக்காவ கூப்டு, நைனா."

"தொரத்தினவளக் கூப்டா கம்பெனி மானம் இன்னா ஆவுறது? உனக்கு அதே ஆறணாதான், நில்லு."

நின்றாள். செல்லம்மா கூடையருகே குனிந்து, ஏற இறங்கப் பார்த்தாள். அது நேற்றுவரை தாயம்மாவின் பார்வை.

"நின்னுகினே ஆறணாவா, தாயி?"

தலையை நேராக வைத்துக்கொள்ளச் சொல்ல தாயம்மா வாயெடுத்தாள். பிறகு குனிந்து கூடையைத் தூக்கிவிட்டாள்.