வெளியில் தெரிகிற டிஸ்க்

என் கணவருக்கு வண்டி ஓட்டப் பிடிக்காது. வண்டியோடு நிற்கத்தான் பிடிக்கும். அந்தக் கறுப்புப் பெரிய வண்டியை வாசலில் நிறுத்தி, சாவியை விரலில் சுற்றிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். தெருவில் யாராவது திரும்பிப் பார்த்துவிட்டால் வாயெல்லாம் பல். ஓட்டுவது நான். எங்கள் வீடு மேட்டின் உச்சியில் இருக்கிறது. காலையில் மகளைப் பின்சீட்டில் உட்காரவைத்து, வளைந்து வளைந்து இறங்கும் சாலையில் பள்ளிக்கூடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பாடு.

அந்த இறக்கத்தில்தான், பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் உதற ஆரம்பித்தது. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. "பெரிய வண்டின்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்றார். பிறகு இவருடைய அண்ணன் இதே வண்டியை, இதே நிறத்தில் வாங்கினார். அன்றைக்குத்தான் இவருக்கு என் ஸ்டியரிங் மேல் அக்கறை பொத்துக்கொண்டு வந்தது.

"பிரேக் டிஸ்க்க மாத்திடுவோம். சும்மா இல்ல, உசத்தியா போடுவோம்."

உதிரிபாகக் கடைக்காரர் மேசைமேல் மூன்று இரும்புத் தட்டுகளை வைத்தார். ஒன்று வழவழவென்று இருந்தது. இன்னொன்றில் சாய்வாகக் கோடு வெட்டியிருந்தார்கள். மூன்றாவதில் உடம்பெல்லாம் ஓட்டை. டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றுகிற இந்தத் தட்டுதான். பிரேக் பேடு இதை இறுக்கிப் பிடித்தால் வண்டி நிற்கும். விஷயம் அவ்வளவுதான்.

"கனமான வண்டி, தினமும் இறக்கம். எது நல்லா பிடிக்கும்?" என்று கேட்டேன்.

கேட்டது நான். கடைக்காரர் பதில் சொன்னது என் கணவருக்கு. "கோடு போட்டது போதும் சார். சூட்டைத் தாங்கும்."

"வீலுக்கு வெளிய எது தெரியும்?" என்றார் இவர்.

கடைக்காரர் முகம் மலர்ந்தது. எந்த மாதிரி ஆள் வந்திருக்கிறார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "அப்படின்னா ஓட்டை போட்டதுதான் சார். ரேஸ் வண்டியிலல்லாம் இதான்!"

"நாங்க ரேசுக்குப் போகல. ஸ்கூலுக்குப் போறோம்" என்றேன். இரண்டு பேரும் நான் ஏதோ ஜோக் அடித்ததுபோலச் சிரித்தார்கள். ஓட்டைத் தட்டே வந்தது, நாலு சக்கரத்துக்கும்.

ஒர்க்‌ஷாப்பில் மாட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அன்று சாயங்காலம் முழுக்க இவர் வாசலில் குந்தி உட்கார்ந்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் ஒரு தம்ளரைக் கழுவி வைக்காத மனுஷர். நாலு பக்கமும் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பிவிட்டு, வண்டியை ஷெட்டுக்குள் விட்டார். சாப்பிட உட்கார்ந்தபோது கையெல்லாம் டயர் பாலிஷ் நாற்றம். டயருக்குத்தான் போட்டிருப்பார் என்று நினைத்தேன். இவரைப் பற்றி அந்த அளவுக்காவது நல்லவிதமாக நினைத்தது என் தப்பு.

காலையில் ஷெட் சுவரோரம் இருந்த மண் தொட்டி சுக்குநூறாகக் கிடந்தது.

"பூனை தள்ளிடுச்சு" என்றார் இவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். "சனியன் பிடிச்ச பூனை."

அது நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து மூச்சுவாங்கத் தூக்கிவைத்த தொட்டி. பூனைக்கு யார் வீட்டில் என்ன போட்டு வளர்க்கிறார்களோ என்று எண்ணிக்கொண்டு, பள்ளிக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் மகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் வளைவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் கல்மாதிரி நின்றது. வண்டி நிற்கவில்லை. எழுந்து நிற்காத குறையாக மிதித்தேன். சறுக்கிக்கொண்டே போனது. "அம்மா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்ததே, அது என் மகள் குரல் மாதிரியே இல்லை. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பள்ளத்துப் பக்கம் போகாமல் வண்டியை மேட்டுப் பக்கத்துக் கல்சுவரோடு உரசவிட்டேன். கரகரவென்று தேய்ந்துகொண்டே போய் நின்றது. சக்கரத்திலிருந்து புகை வந்தது. நேற்று சாப்பிடும்போது இவர் கையில் அடித்த அதே நாற்றம்.

பாலிஷ். டயருக்கு இல்லை, டிஸ்க்குக்கு. நிறுத்துகிற தட்டு பளபளவென்று தெரிய வேண்டுமென்று வழுக்குகிற எண்ணெயைத் தேய்த்திருக்கிறார்.

மகளை வெளியே தூக்கி, கை கால் எல்லாம் தடவிப் பார்த்தேன். நெற்றியில் மட்டும் வீங்கியிருந்தது. சத்தம் கேட்டு இவர் மேலிருந்து செருப்பில்லாமல் ஓடிவந்தார்.

"பிரேக் பிடிக்கலையா?" என்றார்.

நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

சுற்றிப் போய் வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தேன். கறுப்பு பம்பரில் செங்கல் நிறத்தில் ஒரு தீற்றல், இடுக்கில் உடைந்த தொட்டியின் சில்லு.

"பூனையா?" என்று கேட்டேன்.

இவர் முகத்தில் ஈயாடவில்லை. "ஷெட்டுல விடும்போது லேசா வழுக்குச்சும்மா... பாலிஷ்தான், ஓட்ட ஓட்ட தேஞ்சிடும்னு நெனச்சேன். அண்ணனுக்கு வேற போட்டோ அனுப்பிட்டேன்..."

சாவியை நீட்டினேன். "ஒர்க்‌ஷாப் கீழதான் இருக்கு. ஓட்டிட்டுப் போங்க."

இவர் சாவியைப் பார்த்தார். இறக்கத்தைப் பார்த்தார். எந்நேரமும் அந்தச் சாவியைச் சுற்றிக்கொண்டிருக்கும் கை பின்னால் போய்க் கட்டிக்கொண்டது.

"இழுத்துட்டுப் போற டோ வண்டியக் கூப்பிடலாம்மா. இதுல எப்படி... ரிஸ்க்கு."

சாவியை பானட்மேல் வைத்துவிட்டு, மகளின் பையைத் தோளில் மாட்டி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு நடந்தே இறங்கினேன். இரண்டாவது வளைவு தாண்டியதும் அவள் என் கையை இழுத்தாள்.

"அப்ப தொட்டிய உடைச்சது பூனை இல்லியாம்மா?"

"இல்ல" என்றேன். "அப்பா."