பசியை எடுத்து வைத்த இடம்

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று சொல்லிவைத்தவர்கள், பசியே பறந்துபோனால் என்ன ஆகும் என்று சொல்லிவைக்காமல் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் அவளுக்கு அதுதான் நடந்தது. நூற்று முப்பது கிலோ உடம்பு. சர்க்கரை, மூட்டுவலி, தூக்கத்தில் மூச்சு முட்டல் என்று அழையா விருந்தாளிகள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய் போலத் தைத்துவிட்டார்கள்.

மறுநாள் டாக்டர் பார்க்க வந்தபோது கணவன் ஐந்து வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

“பசியைக் கிளப்பிவிடற பாகத்தையே எடுத்தாச்சு. இனிமே இவங்களுக்கு முன்ன மாதிரி பசிக்காது,” என்றார் டாக்டர்.

“எடுத்து எங்க வச்சிருக்கீங்க?” என்று கேட்டது குழந்தை.

“பத்திரமா வச்சிருக்கோம் பாப்பா.”

எல்லாரும் சிரித்தார்கள், படுக்கையில் கிடந்தவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குழந்தை சிரிக்கவில்லை. நாம் விளையாட்டாகச் சொல்வதைப் பிள்ளைகள் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை என்பது நமக்கு என்றைக்குத்தான் உறைத்திருக்கிறது?

முதல் சில மாதங்கள் எல்லாம் நன்றாகவே போயின. மாத்திரைகள் குறைந்தன. மாடிப்படியில் நடுவே நின்று மூச்சு வாங்கவேண்டிய தேவை இல்லாமல் போனது. டயட்டீஷியன் சொன்னபடி மகளுடைய சின்னக் கிண்ணத்தில்தான் சாப்பாடு. முதலில் முட்டையோ மீனோ பருப்போ, பிறகு காய், இடமிருந்தால் ஒரு கரண்டி சோறு. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. கூழாகும்வரை மெல்லவேண்டும். நெஞ்சில் லேசாக அடைத்தால் அதோடு நிறுத்திவிடவேண்டும்.

ஐந்தாம் மாதம் ஒருநாள் எடைக்கருவி அரைக் கிலோ கூட்டிக் காட்டியது. குடித்த தண்ணீராக இருக்கலாம், போட்டிருந்த துணியாக இருக்கலாம். ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அன்றைக்கே தட்டில் பாதியைக் குறைத்தாள். டயட்டீஷியன் ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரி வரைக்கும் போகலாம் என்றபோது, “அவ்வளவுதான் சாப்பிடறேன் மேடம்,” என்று கூசாமல் சொல்லிவிட்டு வந்தாள். அதில் பாதிகூட உள்ளே போகவில்லை. மூன்று ஸ்பூன், அப்புறம் கிண்ணத்தைத் தள்ளிவிடுவாள்.

“சீப்பு பூரா முடி. எழுந்தா தலை சுத்துதுங்கற. ஒரு முழு முட்டை சாப்பிட்டா குடியா முழுகிடும்?” என்று கேட்டான் கணவன்.

“பசிக்கலப்பா எனக்கு.”

பசிக்கவில்லை என்பது உண்மை. சாப்பிடாததற்கு அதுதான் காரணம் என்பது பொய். போனவள், அந்த நூற்று முப்பது கிலோக்காரி, திரும்பி வந்துவிடுவாளோ என்பதுதான் பயம். வந்துவிடுவது என்ன, அவள் போகவே இல்லை என்றுதான் சில நாள் தோன்றியது. சோபாவின் இடது மூலையில் பழைய உடம்பு அமுக்கிய பள்ளம் எழும்பாமலே கிடந்தது. யாரும் அங்கே உட்காரவில்லை, ஆனாலும் பள்ளம் ஆழமாகிக்கொண்டு போவதாகப் பட்டது. ஆஸ்பத்திரியில் கதிர் தடுக்கும் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று நோயாளியிடம், “மூச்சை இழுத்துப் பிடிங்க,” என்று சொல்லுவாள். நோயாளி பிடித்துக்கொள்வார், அவளும் பிடித்துக்கொள்வாள். அந்த இரண்டு நொடி நிசப்தத்தில் மூன்றாவதாக ஒருத்தி மூச்சிரைப்பது கேட்கும். மாடிப்படி ஏறி முடித்துக் கதவைத் திறக்கும்போது, கீழ்ப்படியில் கனமான காலடி ஒன்று அப்போதுதான் நின்று இளைப்பாறும். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதற்கிடையில் மகள் மாறியிருந்தாள். பிறந்ததிலிருந்து கன்னமும் கையுமாகக் கொழுகொழுவென்று இருந்ததால் அப்பாவுக்கு அவள் உருண்டை. அம்மாதான், “அந்தப் பேரை இனிமே இந்த வீட்ல சொல்லாதீங்க,” என்று தடை போட்டாள். அதுவரை “நீ வா, நீ தா” என்று அம்மாவை விரட்டிக்கொண்டிருந்த பிள்ளை, இப்போது “நீங்க வாங்க” என்று பேச ஆரம்பித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் மரியாதை கற்றுக்கொடுக்கிறார்கள் என்று அப்பாவுக்குப் பூரிப்பு. அம்மாவுக்கு மட்டும் அது யாரோ அந்நியரிடம் பேசுவதுபோல் பட்டது. மடியில் உட்காரச் சொன்னால், “எலும்பு குத்துது,” என்று இறங்கிக்கொண்டது.

ஒரு விடுமுறை நாளில் படுக்கையறைச் சுவரோரம் எறும்பு வரிசை போனதைப் பார்த்தாள். அது அலமாரிக்குள் நுழைந்தது. உள்ளே பழைய நைட்டிகள் தொங்கின, ஒவ்வொன்றும் இரண்டு பேர் நுழையலாம் போல. தூக்கிப்போட மனம் வராமல் விட்டுவைத்தவை. ஒரு நைட்டியின் பையில் கை விட்டாள். பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியது. ஊறிப்போன பிஸ்கட். அடுத்த பையில் காய்ந்த ரொட்டித்துண்டு. கீழே, துணிகளின் நிழலில், ஒரு பொம்மைத் தட்டில் உரித்த முட்டை. அது இன்று காலை வேகவைத்தது.

மகளைக் கூப்பிட்டாள்.

“யாருக்கு இது?”

“அம்மாவுக்கு.”

“நான்தானே அம்மா?”

குழந்தை அவளை மேலும் கீழும் பார்த்தது. “பழைய அம்மாவுக்கு. உங்களுக்குத்தான் பசிக்காதே. பசியெல்லாம் அவகிட்டதானே இருக்கு. டாக்டர் பத்திரமா வச்சிருக்கோம்னு சொன்னாரு.”

“இங்க யாரும் இல்லடி.”

“இருக்கா. தினமும் சாப்பிடறா. நேத்து வச்ச வாழைப்பழம் இப்ப இல்ல பாருங்க.”

எலியாக இருக்கலாம், எறும்பாக இருக்கலாம். படித்தவள், மனித உடம்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று நாள்தோறும் படம்பிடித்துப் பார்க்கிறவள், அவளுக்கு இது தெரியாதா? ஆனால் அந்த நேரத்தில் தொங்கிக்கொண்டிருந்த நைட்டிகளில் நடுவிலிருந்த ஒன்று லேசாக உப்பித் தணிந்தது போலிருந்தது. தான் பட்டினி கிடந்து விரட்டிக்கொண்டிருப்பவளுக்குத் தன் பிள்ளையே சோறு போட்டு வளர்க்கிறது. அவளுக்குக் கண்மண் தெரியவில்லை. துணிகளைச் சுருட்டிக் குப்பைப் பைகளில் அடைத்தாள். முட்டையைக் காலால் மிதித்தாள்.

“அவ செத்துட்டா. கேட்டுதா? செத்துட்டா. இனிமே அவளுக்கு எதுவும் வைக்கக் கூடாது.”

குழந்தை அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. நசுங்கிய முட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போய்விட்டது.

அதற்குப் பிறகு வீட்டில் காலடி கேட்கவில்லை. சோபாப் பள்ளத்தின் மேல் ஒரு தலையணையைப் போட்டு மூடினாள். விட்டது சனியன் என்று இருந்தது. குழந்தையும் அடம்பிடிக்காமல் சமர்த்தாகிவிட்டது. கிண்ணத்தில் போட்டதில் மூன்று ஸ்பூன் எடுத்து, மென்று மென்று விழுங்கி, “போதும்,” என்று தள்ளிவைத்தது. “அப்படியே அம்மா மாதிரி,” என்று சிரித்தான் அப்பா. அவளும் சிரித்தாள். பெற்றவள் கண்ணுக்கு அது தெரியாமல் போனதை என்னவென்று சொல்வது?

இரண்டு வாரம் போயிருக்கும். எக்ஸ்ரே அறையில் ஒருவருடைய முழங்காலை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் வகுப்பு டீச்சர்.

“பாப்பா மயங்கி விழுந்துட்டா. இப்ப பரவால்ல, கண்ணைத் திறந்துட்டா. அவங்கப்பா போனை எடுக்கல, அதான் டைரியில இருந்த இன்னொரு நம்பருக்குப் பண்ணேன். யாராவது வந்து கூட்டிட்டுப் போகணும். நீங்க பாப்பாவுக்கு என்ன வேணும்?”

“அம்மா.”

டீச்சர் வேறு யாரையோ வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துவது போனில் கேட்டது.

“தப்பா நினைக்காதீங்க,” என்றார் டீச்சர் மெதுவாக. “அம்மா தவறிட்டாங்கன்னு பாப்பா எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கா. நாங்க அவங்கப்பாகிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தயங்கிட்டே இருந்தோம்.”

வண்டி பிடித்து ஓடினாள். வாசலில் காவலாளி, குழந்தையை அழைத்துப்போக வருகிறவருக்கான அட்டையை வாங்கிப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த படத்தில் இரட்டைத் தாடையோடு ஒருத்தி வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இது வேற யாரோங்க.”

“நான்தான். ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்.”

அவர் நம்பினதாகத் தெரியவில்லை. டீச்சர் வந்துதான் உள்ளே அழைத்துப்போனார். நோய்வாய்ப்பட்ட பிள்ளைகளைப் படுக்கவைக்கும் சின்ன அறை. பெஞ்சில் மகள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் இரண்டும் ஒட்டிப்போயிருந்தன. இது எப்போது நடந்தது? இத்தனை நாள் எதிரில் உட்கார்ந்து என்ன பார்த்துக்கொண்டிருந்தேன்?

“இவங்க யாருன்னு சொல்லும்மா,” என்றார் டீச்சர், வழக்கப்படி கேட்கவேண்டியிருந்ததால்.

குழந்தை யோசித்தது. “அம்மாவுக்கு அப்புறம் வந்தவங்க.”

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

பெஞ்சின் மேல் மதியச் சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது. அவள் திறந்தாள். ரொட்டி, முட்டை, நாலு துண்டு பழம். தன் பங்கைப் போலவே அளந்து அளந்து தானே காலையில் வைத்தது. ரொட்டியைப் பிய்த்து மகளின் வாயருகே கொண்டுபோனாள். வாய் திறக்கவில்லை.

“சாப்பிட்டா பெருசாயிடுவேன்,” என்றது குழந்தை.

“ஆகட்டுமே.”

“அம்மா பெருசா இருந்தா. அவளைச் சாகடிச்சிட்டீங்க.”

சுவரில் சாய்ந்துகொண்டாள். இத்தனை மாதமாகப் படிக்கட்டில் மூச்சிரைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தவள் பேயா, பிசாசா? இந்தப் பிள்ளையைச் சுமந்து பெற்றவள். பால் கொடுத்தவள். தூங்கும்வரை மடியை அசைக்காமல் உட்கார்ந்திருந்தவள். அவளிடம் இருந்த நோய்களை வெட்டச் சொன்னால், அவளையே வெட்டிப் போட்டுவிட்டு, போனது போகட்டும் என்று இருந்துவிட்டேனே என்று நெஞ்சு எரிந்தது.

“அவ சாகல,” என்றாள். “நான் பொய் சொல்லிட்டேன்.”

“எங்க இருக்கா?”

“இங்கதான், எனக்குள்ள. நான்தான் அவளைப் பட்டினி போட்டுட்டேன்.”

குழந்தை அவளுடைய முகத்தை வெகுநேரம் பார்த்தது. பெரியவர்கள் சொல்வதை அது இனி லேசில் நம்பாது. ரொட்டித்துண்டை அவள் கையிலிருந்து வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டது. முட்டையை அவள் பக்கம் தள்ளியது.

“அப்ப நீங்க முதல்ல சாப்பிடுங்க. அவ முழுங்கறாளான்னு நான் பாக்கணும்.”

அவள் முட்டையைக் கடித்தாள். மென்று விழுங்கினாள். குழந்தை தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ரொட்டியில் ஒரு கடி கடித்தது. அவள் இன்னொரு வாய் எடுத்தாள், அதுவும் இன்னொரு வாய் எடுத்தது. மூன்றாவது வாய்க்குப் பிறகு பழக்கம் அவள் கையைப் பிடித்து இழுத்தது. நெஞ்சு அடைக்கவில்லை, உள்ளே இடம் இருந்தது. நிறுத்தச் சொன்னது வெறும் பயம். யாரோ கனமாக அருகில் வந்து உட்கார்ந்ததுபோல் பெஞ்சு முனகியது.

அவள் நிறுத்தினாள். குழந்தையும் மெல்லுவதை நிறுத்தியது. வாயில் ரொட்டியோடு, விழுங்காமல், துப்பாமல், காத்திருந்தது.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். சொன்னவர் அந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. மிச்ச முட்டையை எடுத்து வாயில் வைத்து மெல்ல ஆரம்பித்தாள். குழந்தையின் தாடை அசைந்தது.