பபேடானில் சொல் விழுந்த வகுப்பு

1926 ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை, ரங்கூன் பபேடானில் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தஸ்தகீர் வாத்தியார் பேசிய சொற்கள் அவர் வாயிலிருந்து தரையில் விழத் தொடங்கின. பொரி அளவு கறுப்பு எழுத்துக்கள். கோத்தது கலையாமல், வாசிக்கும் வரிசையில் விழுந்தன. அன்றைய பாடம் ஐராவதி நதி. அது உற்பத்தியாகிக் கடலில் சேர்வதற்குள் வாத்தியாரின் கால் கட்டைவிரல் மூடிப்போயிற்று. அவர் வெற்றிலை போடுகிறவர் என்பதால் மதியத்துக்கு மேல் விழுந்தவை சற்றுச் சிவப்பாக இருந்தன. முற்றுப்புள்ளிகளை எறும்புகள் கொண்டுபோயின.

இதில் உடனடி லாபம் செல்லக்கண்ணுக்குத்தான். ஏழு வயதில் கண்ட காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது. அதற்குள் பேச்சும் வாசிப்பும் வந்திருந்தன. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வாத்தியாரின் தாடி அசைவதையே படிப்பென்று பார்த்துக்கொண்டிருந்தவள், அன்று எழுந்து முன்னால் வந்து குந்தி, ஐராவதியை முழுக்கப் படித்துவிட்டு, அது எத்தனை கிளையாகப் பிரிகிறது என்று கேட்டாள். "யாருக்குத் தெரியும்" என்று வாத்தியார் முணுமுணுத்தார். அதுவும் விழுந்தது.

"தொல்லையாப் போச்சும்மா, முனகுறதெல்லாம் கொட்டுது" என்று செல்லக்கண்ணுவின் தாய் ரத்தினம்மாளிடம் அவர் முறையிட்டார்.

"கொட்டட்டும் வாத்தியாரே. போர்டப் பாத்துப் பேசாம இருந்தாப் போதும். நீங்க திரும்பிக்கிட்டா அந்தப் பக்கமில்ல விழுது, எம்மக எப்படிப் படிப்பா?"

அதிலிருந்து வாத்தியார் பிள்ளைகளைப் பார்த்தே பாடம் நடத்தினார். காது கேட்கிற பிள்ளைகளும் காதை நம்புவதை விட்டுக் குனிந்து படித்து, கணக்கில் தேறினார்கள். மழைக்காலத்தில் பாடம் ஈரமாகிக் காலில் ஒட்டி வீடுவரை வந்தது. இலக்கணம் போய்ச் சாக்கடையை அடைத்ததாக முனிசிபாலிட்டிக்குப் புகார் போயிற்று.

1928 மார்ச்சில் நான்காம் வகுப்புப் பரீட்சைக்கு இன்ஸ்பெக்டர் அப்பாசாமி வந்தார். கேள்விகளை வாயால் கேட்பார். வாத்தியார் வெளியே நிற்க வேண்டும். தேறாதவர் பெயர் வெட்டப்படும். செல்லக்கண்ணுவின் பெயர் வெட்டப்பட்டால் மறுநாளே சுருட்டுக் கம்பெனியில் புகையிலை நரம்பு உரிக்கப் போவதாக ஏற்பாடு. உட்காரும் இடம்கூடக் குறித்தாயிற்று.

"கேள்விய எழுதிக் குடுத்துடுங்கய்யா" என்றாள் ரத்தினம்மாள், வாசலில் நின்று.

"இது வாய்ப் பரீட்சைம்மா. எழுதுறதுக்குச் சட்டத்துல எடமில்ல."

"அப்ப வாத்தியார உள்ள விடுங்க. ஒரு தரம் சொல்லிட்டுப் போயிடட்டும்."

"கேள்வியோட பதிலும் விழுந்துட்டா?"

நியாயமான சந்தேகம்தான். வாத்தியாரே வெளியில் வாயைப் பொத்திக்கொண்டுதான் நின்றார்.

"பர்மாவில் நெல் அதிகம் விளைவது எங்கே?" என்று இன்ஸ்பெக்டர் செல்லக்கண்ணுவைக் கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள். தரை சுத்தமாக இருந்தது. இன்னொரு தரம் பார்த்தாள்.

கேட்ட கேள்வியை எல்லோருமாக ஒரு தரம் திருப்பிச் சொல்லிவிட்டே பதிலுக்குப் போவது அந்த வகுப்பின் பழக்கம். பரீட்சை என்பதை மறந்து மற்ற முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ராகம் போட்டுச் சொன்னார்கள். முப்பத்தெட்டு வாயிலிருந்தும் முதல் தடவையாகக் கேள்வி விழுந்தது. வாத்தியார் சொன்னதையே நாள்தோறும் சொல்லிப் பழகிய வாய்கள், ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இன்ஸ்பெக்டர் ஒரு பிடி அள்ளி, பதில் ஏதும் கலந்திருக்கிறதா என்று பார்த்தார். வெறும் கேள்விதான். அவர் பார்த்து முடிப்பதற்குள் செல்லக்கண்ணு சொல்லிவிட்டாள்: "ஐராவதி கடல்ல சேர்ற தாழ்வான நெலத்துலங்க."

"நம்ம உத்தியோகத்துக்கே வேட்டு வெச்சிடுவாங்க போலிருக்கே" என்று இன்ஸ்பெக்டர் தமக்குள் சொல்லிக்கொண்டார். அள்ளிப் பார்த்ததில் தொற்றிக்கொண்டதோ என்னவோ, அதுவும் அவருடைய பூட்ஸ் மேல் விழுந்தது. செல்லக்கண்ணு குனிந்து படித்தாள்.

"வேலையெல்லாம் போகாதுய்யா. அடுத்த கேள்வியக் கேளுங்க."

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக் கேட்டார். ஒன்பது கேள்விக்கு ஏழு சரி. செல்லக்கண்ணு ஐந்தாம் வகுப்புக்குப் போனாள். அதன்பின் அந்தப் பள்ளிக்கு வந்த இன்ஸ்பெக்டர்கள் எல்லோரும் கேள்வியைக் கேட்டுவிட்டு, பிள்ளைகள் படித்து முடிக்கட்டும் என்று சற்றுப் பொறுத்திருந்தார்கள்.