இடது காது

உடல் இல்லாத பாடையில் தியானோ புருஷனின் கம்பளிப் போர்வையை விரித்துக்கொண்டிருந்தாள். நடுவில் பள்ளம் விழுந்துகொண்டே இருந்தது. எரிச்சலில் அதை உருவி, மறுபடி முதலிலிருந்து விரித்தாள்.

அவள் புருஷன் மீக்கோன் கடலில் குதித்து ஒன்பது நாளாகிவிட்டது. பாடியே ஆளைக் கொல்லும் சைரன்களை அந்தத் துறையில் பாறைக்காரிகள் என்பார்கள். அவர்களுடைய பாறையைக் கடக்கும்போது துடுப்புப் போடுகிற ஒவ்வொருவனும் இரண்டு காதையும் தேன்மெழுகால் அடைத்துக்கொள்ள வேண்டும். அதை உருக்கிப் பிசைந்து கொடுப்பது வீட்டுக்காரியின் பொறுப்பு. அதனால் துக்கம் கேட்க வந்த பெண்கள் எல்லோரும் சுற்றிவளைத்து ஒன்றையேதான் கேட்டார்கள். மெழுகு பழசா, தூசி தும்பு கலந்திருந்ததா? ஆண்கள் இன்னொரு தினுசு. கொடுத்துவைத்தவன், அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டான் என்று பெருமூச்சு விட்டார்கள். இரண்டில் எது அதிகம் சுட்டது என்று அவளுக்கே தெரியவில்லை.

கொழுந்தன் தோவாஸ் கடைசியாக வந்தான். அதே கப்பலில் மீக்கோனுக்குப் பின்பலகையில் துடுப்புப் போட்டவன். அவள் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தான்.

"அண்ணி, உங்க மெழுகுமேல குத்தமில்ல. அண்ணன் ஒரு காதுலதான் வச்சிருந்தான்."

"ஏன்?"

"இடது காதுதான் செவிடாச்சே, அதுக்கு எதுக்கு மெழுகுன்னு சிரிச்சான். நாங்களும் சிரிச்சோம்."

தியானோ எழுந்து போய் விளக்கு மாடத்தில் துழாவினாள். இருந்தது. அவள் கொடுத்த இரண்டில் ஒன்றை அங்கேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அவளுடைய கட்டைவிரல் ரேகை அதில் அப்படியே இருந்தது.

அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பன்னிரண்டு வருஷம் அந்தக் காதுப் பக்கம் படுத்தவள் அவள். கூரை ஒழுகுகிறது என்றும், வயிற்றில் ஒன்றும் தங்கவில்லையே என்றும், இந்த ஒரு தடவை போகாதே என்றும் தொண்டை கிழியக் கத்தியவள். ஒரு வார்த்தை அதில் ஏறியதில்லை. எவளோ பாறையில் உட்கார்ந்து பாடினால் மட்டும் ஏறுமாம்.

"நீ பிடிச்சு நிறுத்தலையா?"

"கைக்கு எட்டல அண்ணி. கத்தினேன், திரும்பவே இல்ல." தோவாஸ் தன் தலையைச் சாய்த்துக் காட்டினான். "இடது பக்கமாத் தலைய சாய்ச்சான். யாரோ பக்கத்துல வந்து மெதுவாப் பேசற மாதிரி."

மெதுவாக. அந்த வீட்டில் அவனிடம் யாரும் மெதுவாகப் பேசியதே கிடையாது. செவிடனிடம் யார் மெதுவாகப் பேசுவார்கள்?

உச்சிவெயிலில் பாடையைக் கரைக்குக் கொண்டுபோனார்கள். பாலும் தேனும் ஊற்றினார்கள். கடலில் போனவனை மனைவி பேர் சொல்லி மூன்று முறை கூப்பிட்டால்தான் அவன் உயிர் வீடு திரும்பும் என்பது வழக்கம். தியானோ மெழுகைப் பிடிக்குள் வைத்துக்கொண்டு, முழங்கால் நனையத் தண்ணீரில் இறங்கினாள்.

"மீக்கோன்!" என்று கத்தினாள். இரண்டாம் தரம் அதைவிட உரக்கக் கத்தினாள். குரல் உடைந்து இருமல் வந்தது. கரையில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

பிறகு அவள் குனிந்து, பக்கத்தில் படுத்திருப்பவனிடம் சொல்வதுபோல அந்தப் பேரைச் சொன்னாள்.

"இன்னும் ஒரு தடவை பாக்கி இருக்கு" என்றாள் பின்னால் நின்றவள் ஒருத்தி.

தியானோ திரும்பவில்லை.