மூச்சுக் குறிகள்

ராயபுரம் மாலை வகுப்பில் இத்தாலிய ஓபராப் பாடல்களின் இசைக்குறிப்புப் புத்தகம் ஒன்றுதான் இருந்தது. துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் லூர்து பாடுவான். அவன் மூச்சு வாங்கும் இடங்களில், உடன் படிக்கும் நான் பென்சிலால் காற்புள்ளி வைப்பேன். ஞாயிறன்று கச்சேரிக்கு ஆள் எடுக்கிறார்கள். நீண்ட வரியை ஒரே மூச்சில் பாடுபவருக்கே இடம்.

இன்று சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கினான். நானும் குறித்துக்கொண்டே போனேன்.

"இன்னா மாமு, புக்கு பூரா கொசு மொய்ச்சிகினு கீது?" என்று சிரித்தவன் இருமினான். கைக்குட்டையில் கரியோடு ரத்தமும் இருந்தது.

"வாத்தியாராண்ட சொல்லிடாத. எல்லாத்தையும் அழிச்சுடு."

அழித்தேன். செய்தது சரியா என்று இதை எழுதும்போதும் தெரியவில்லை. லூர்து மறுபடி தொடங்கினான். குறிகள் இல்லாத முதல் வரியில் பாதியைக்கூட அவன் தாண்டவில்லை.